நகையும் நலமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசுவோர் உண்டு. இசை பொழிவோர் உண்டு. நாடகம் நடிப்போர் உண்டு. பல்லைப் பற்றிப் பேசுவதற்கென்று ஒருவனை அழைத்து நிறுத்தியது நம் சங்கத்தின் துணிவையே காட்டுகின்றது. மாதுங்காவிலும் செம்பூரிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறரை வாய் திறக்கச் சொல்லியே பிழைத்து வந்தவன் நான். இன்று நீங்கள் என்னை வாய் திறக்கச் சொல்லியிருக்கிறீர்கள். திறந்த வாயை உரிய நேரத்தில் மூடிவிடுவேன் என்று தலைவர் அவர்களுக்கு முன்னரே உறுதி கூறிவிட்டேன். ஆதலால் அஞ்ச வேண்டா.

நம் மொழியில் 'நகை' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று சிரிப்பு; மற்றொன்று அணிகலன். வேறு அணி ஏதும் இல்லாத ஏழைக்கும் இயற்கை அளித்த அணிகலன் சிரிப்பே என்று நம் முன்னோர் எண்ணினர் போலும்! மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்த தொல்காப்பியமும், அவற்றை எண்ணிச் சொல்லுங்கால் நகையையே முதலில் வைத்தது. அழுகையும் அச்சமும் வெகுளியும் அதன் பின்னரே வருகின்றன.

இத்துணைச் சிறப்புடைய நகையை இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கண்ணாடி முன் நின்று குறை காண்கின்றனர். கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "இந்தப் பல் மஞ்சள், அந்தப் பல் கோணல்" என்று கணக்கெடுக்கின்றனர். திருமணத்திற்கு முன்னர்ப் பெண்களும், வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு முன்னர் இளைஞர்களும் என் போன்றாரிடம் வந்து, "டாக்டர், எனக்கு வெனீர் போட வேண்டும்" என்று கேட்கின்றனர். சென்ற சில ஆண்டுகளில் இக்கேள்வி பெருகிவிட்டது. ஆதலின் இந்த வெனீர் என்பது யாது, அதனால் ஆவது யாது, அதற்கு நாம் தரும் விலை யாது என்பவற்றை நம் குடும்பங்களின் முன்வைப்பது என் கடமை என்று கருதினேன்.

வெனீர் என்னும் சொல் நம்மில் பலர்க்குப் புதியதன்று. தச்சு வேலை செய்வோரைக் கேளுங்கள். மட்டமான பலகையின் மேல் தேக்கு மரத்தைத் தாள் போல் மெல்லியதாகச் சீவி ஒட்டுவார்கள். அந்த மெல்லிய தகட்டுக்கு வெனீர் என்று பெயர். பல் மருத்துவர் செய்வதும் அதுவே. பல்லின் முன்புறத்தில், பீங்கானாலோ பிசினாலோ செய்த மெல்லிய ஓட்டினை ஒட்டுகிறோம். அதன் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவே. சில நேரங்களில் அதனினும் சற்றுக் குறைவு அல்லது கூடுதல். நகத்தின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகத்தளவு ஓடு, பல்லின் நிறத்தையும் வடிவத்தையும் மாற்றிவிடும்.

இது பிறந்த கதை சுவையானது. செம்பூரில் வாழ்வோர்க்கு ஆர்.கே. ஸ்டுடியோவை நினைவிருக்கும். 1948ஆம் ஆண்டு ராஜ் கபூர் தொடங்கிய நிறுவனத்தின் படப்பிடிப்பு நிலையம் அது. 2017இல் தீக்கிரையாகிப் பின்னர் விற்கப்பட்டு, இன்று பெயரளவில் நிற்கின்றது. சினிமாவையும் நம் பேட்டையையும் பிரிக்க இயலாது. அதுபோலவே வெனீரையும் சினிமாவையும் பிரிக்க இயலாது. 1928ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஹாலிவுட்டில், சார்லஸ் பிங்கஸ் என்னும் பல் மருத்துவர், திரையில் நடிகர்களின் பற்கள் ஒழுங்காகத் தோன்ற வேண்டும் என்பதற்காக மெல்லிய ஓடுகளைச் செய்து கொடுத்தார். குழந்தை நடிகை ஷெர்லி டெம்பிளின் பால்பற்கள் விழுந்தபோதும் இத்தகைய ஓடுகளே அந்த இடைவெளியை மறைத்தன. ஆனால் அந்த ஓடுகள் நிலைத்து ஒட்டவில்லை. பொய்ப்பற்களுக்கு இடும் பசைப் பொடியால் ஒட்டி, படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவர். அதாவது அது ஒப்பனை, மருத்துவம் அன்று. மாலையில் அரிதாரத்தைக் கலைப்பது போல் அதனையும் கலைத்துவிடலாம்.

நிலைத்து ஒட்டும் வழியை 1955ஆம் ஆண்டில் மைக்கேல் புவனகோர் என்னும் அறிஞர் கண்டார். தொழிற்சாலைகளில் உலோகத்திற்கு வண்ணம் பூசும் முன்னர் பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவுவார்கள். அப்போது வண்ணம் நன்கு பற்றும். பல்லையும் அவ்வாறே கழுவினால் என்ன என்று அவர் எண்ணினார். அமிலம் பட்ட பல்லின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகள் தோன்றின. பிசின் அவற்றினுள் இறங்கி இறுகிப் பிடித்துக்கொண்டது. சில ஆண்டுகளில் ரேபெல் போவன் என்பார் பல்லுக்கேற்ற வலிமையுடைய பிசினை உருவாக்கினார். 1983ஆம் ஆண்டளவில் பீங்கானின் உட்புறத்தையும் அமிலத்தால் அரித்து ஒட்டும் முறையை நியூயார்க் நகர மருத்துவர்கள் வெளியிட்டனர். அன்று முதல் வெனீர், கழற்றி வைக்கும் ஒப்பனை என்னும் நிலை நீங்கி, வாயிலேயே தங்கும் மருத்துவமாயிற்று.

இங்கேதான் ஒரு செய்தியைச் சற்று நிறுத்திச் சொல்ல விரும்புகின்றேன். கழற்றி வைக்கும் பொருளுக்கும் கழற்ற இயலாத பொருளுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. வெனீர் ஒட்டுவதற்கு இடம் வேண்டும் அன்றோ? இடம் விடாமல் பல்லின் மேல் ஒட்டினால் பல் தடித்துப் புடைத்துத் தோன்றும். ஆதலால் பெரும்பாலான நேரங்களில், ஒட்டும் ஓட்டின் கனத்திற்கு ஏற்பப் பல்லின் மேற்பூச்சினைச் சீவி எடுக்க வேண்டியுள்ளது. அந்த மேற்பூச்சுக்கு எனாமல் என்று பெயர். மனித உடலிலே எலும்பினும் கடினமான பொருள் அதுவே. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு தாதுப்பொருளால் ஆனது. முன்பற்களில் அது ஈறுக்கு அருகே அரை மில்லிமீட்டர்கூட இராது. வெட்டும் முனையருகே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இருக்கும்.

தோல் கிழிந்தால் மூடிக்கொள்ளும். எலும்பு முறிந்தால் கூடிவிடும். நகமும் முடியும் வெட்ட வெட்ட வளரும். எனாமல் ஒன்று மட்டும் போனால் போனதே. அதனை உண்டாக்கிய உயிரணுக்கள், பல் ஈறைக் கிழித்து வெளிவரும்போதே மறைந்துவிடுகின்றன. ஆறேழு வயதில் நம் குழந்தைக்கு முளைக்கும் முன்பல்லின் எனாமல்தான் எண்பது வயது வரைக்கும் அதற்குள்ள சொத்து. அதனைச் சீவி எடுப்பது பரம்பரை நிலத்தை விற்பது போன்றது. விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தேவை நேர்ந்தால் விற்கத்தான் வேண்டும். ஆனால் விற்கிறோம் என்பதை அறிந்து விற்க வேண்டும்.

நான் செய்த ஒரு பிழையை இந்த அவையில் சொல்லிவிடுகின்றேன். 2004ஆம் ஆண்டு. நமக்கு நன்கு தெரிந்த குடும்பத்துப் பெண், வயது இருபத்திரண்டு. திருமணத்திற்கு ஆறு வாரம் இருந்தது. முன்பற்களில் இரண்டு சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. நிறம் இயல்பான மஞ்சள். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒருவர், "பெண் தங்கமானவள், பல் மட்டும் கொஞ்சம்..." என்று சொல்லி நிறுத்திவிட்டாராம். நிறுத்திய அந்தச் சொல் அந்த வீட்டில் மூன்று நாள் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது. தந்தை என்னிடம் அழைத்து வந்தார். கம்பி கட்டினால் ஓராண்டுக்குள் பற்கள் தாமே வரிசைப்படும், எனாமல் ஒரு துளியும் போகாது என்பது எனக்குத் தெரியும். சொல்லவும் சொன்னேன். "ஓராண்டு எங்கே ஐயா? ஆறு வாரத்தில் முகூர்த்தம்" என்றார் அவர். நானும் இசைந்தேன். மேல்வரிசையில் எட்டுப் பற்களைச் சீவி வெனீர் ஒட்டினேன். திருமணப் படத்தில் அந்தப் பெண் மிக அழகாகச் சிரித்தாள். அனைவரும் என்னைப் புகழ்ந்தனர்.

பதினைந்து ஆண்டு கழித்து அவள் மீண்டும் வந்தாள். ஓர் ஓடு கழன்றிருந்தது. மற்றொரு பல்லில் ஓட்டின் ஓரமாகச் சொத்தை இறங்கி வேர் வரை சென்றுவிட்டது. குளிர்ந்த நீர் பட்டால் மூன்றாவது பல் கூசியது. வெனீர் நன்கு செய்தால் பத்தாண்டு, பதினைந்து ஆண்டு, சிலர்க்கு அதற்கு மேலும் உழைக்கும். ஆனால் அது நிரந்தரம் அன்று. இருபத்திரண்டு வயதில் ஒட்டியவர் அறுபது வயதுக்குள் இரண்டு முறையேனும் மாற்ற நேரலாம். மாற்றும்போதெல்லாம் பல்லில் இன்னும் சிறிது குறையலாம். இந்தக் கணக்கை 2004இல் நான் அந்தத் தந்தைக்குத் தாளில் எழுதிக் காட்டவில்லை. என் பிழை அதுவே.

அன்று அவள் சொன்ன சொற்களை நான் மறக்கவில்லை. "மாமா, என் மகள் எட்டு வயதுக்காரி. அவள் பல்லும் என் பழைய பல் மாதிரியே ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். 'உன் பல்லைக் காட்டு அம்மா' என்று குழந்தை கேட்கிறாள். காட்டுவதற்கு என்னிடம் ஒரு படமும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு எடுத்த படங்களில் எல்லாம் நான் வாயை மூடிக்கொண்டே நிற்கிறேன்" என்றாள். அவள் கணவரும் அருகில் இருந்தார். திருமணத்திற்கு முன்னர் அவள் பல்லில் குறை இருந்ததை அவர் கவனித்ததே இல்லையாம்! யாரோ ஒருவர் முடிக்காமல் விட்ட சொல்லுக்காக எட்டுப் பற்களின் எனாமல் போயிற்று.

தாய்மார்களே! மாப்பிள்ளை வீட்டாராய் நீங்கள் செல்லுங்காலத்து இதனை நினைவிற் கொள்ளுங்கள். பெண் பார்க்கும் கூடத்தில் பேசும் ஒரு சொல்லுக்கு மருத்துவன் கையில் உள்ள கருவியின் கூர்மை உண்டு.

இனி மற்றொரு பக்கத்தையும் காட்டுவது நேர்மையாகும். வெனீரே வேண்டா என்று கூற வந்தவன் அல்லேன் நான்.

தாராவியில் வாழும் ஒரு குடும்பம். சொந்த ஊர் தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர். தந்தை தையற் கூடத்தில் பணி செய்பவர். மூத்தவன் ஊரில் பிறந்து, ஆறு வயது வரை பாட்டி வீட்டில் வளர்ந்தவன். இளையவள் தாராவியிலேயே பிறந்தவள். 2019ஆம் ஆண்டில், பதினாறு வயதான அந்த மகனைத் தாய் என்னிடம் அழைத்து வந்தாள். பையன் பேசும்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொண்டான். முன்பற்களில் பழுப்புக் கறை. இடையிடையே சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைத் திட்டுகள். பள்ளியில் அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் இருந்தது. அதனை இங்கே சொல்ல விரும்பவில்லை.

தாய் சொன்னாள்: "ஐயா, இவன் சிறுவயது முதலே பல் சரியாகத் தேய்க்கமாட்டான். அடித்தும் பார்த்தேன். செங்கல் பொடி, கரித்தூள், உப்பு எல்லாம் போட்டு நானே தேய்த்தும் விட்டேன். ஈறில் ரத்தம் வந்ததே தவிரக் கறை போகவில்லை. தங்கச்சியைப் பாருங்கள், அதே வீடு, அதே பல்பொடி. பல் முத்துப் போல் இருக்கிறது."

அந்தத் தங்கையின் பல்லே எனக்கு விடையைச் சொல்லிற்று. வீடு ஒன்றுதான்; பல்பொடி ஒன்றுதான்; ஆனால் குழந்தைப் பருவத்தில் குடித்த நீர் வேறு. இளையவள் குடித்தது மும்பை மாநகராட்சி நீர். தான்சா, வைதர்ணா, பாட்சா போன்ற ஏரிகளிலும் அணைகளிலும் தேங்கும் மழைநீர். மூத்தவன் குடித்தது பாறையைத் துளைத்து எடுத்த ஆழ்குழாய்க் கிணற்று நீர். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பாறைகளில் புளோரைடு என்னும் உப்பு மிகுதி. அது நிலத்தடி நீரில் கரைந்து வருகின்றது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு நீர் கிடைக்காத இடத்தில் ஒன்றரை வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேற்பட்ட நீரைக் குழந்தை குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் செம்மையாக இறுகாது, நுண்துளைகளுடன் நின்றுவிடும். முளைத்தபின் அத்துளைகளில் கறை ஏறும். முன்பற்களின் எனாமல் நான்கைந்து வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. பல் வெளியே தோன்றுவதற்கு முன்னரே கறைக்கு வித்து ஊன்றப்பட்டுவிட்டது. பின்னர்ச் செங்கற்பொடி தேய்த்து யாது பயன்?

இஃது உலகெங்கும் உள்ள துன்பம். 1901ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திற்குச் சென்ற பிரெடெரிக் மெக்கே என்னும் பல் மருத்துவர், அவ்வூர் மக்களின் பற்களில் பழுப்புக் கறை கண்டு வியந்தார். காரணம் தேடி முப்பது ஆண்டு உழைத்தார். 1931ஆம் ஆண்டில்தான், நீரில் கலந்த புளோரைடே காரணம் என்பது வேதியியலார் ஒருவரின் ஆய்வால் தெளிவாயிற்று. நம் நாட்டில் 1937ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் வட்டாரத்தில் இந்நோய் எலும்பையும் தாக்குவதை மருத்துவர்கள் எழுதி வைத்தனர். நம் மாநிலத்தில் இதற்கெனவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானியக் கடனுதவியுடன் 2013ஆம் ஆண்டில் காவிரி நீர் அம்மாவட்டங்களுக்கு வழங்கத் தொடங்கிற்று. நான் சொன்ன பையன் பிறந்தது 2003இல். காவிரி நீர் அவன் ஊர்ப் பக்கம் வருவதற்குள் அவன் பற்கள் உருவாகி முடிந்துவிட்டன.

இவற்றையெல்லாம் தாய்க்கு எடுத்துச் சொன்னேன். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "உன்னை அடித்தேனேடா!" என்றாள். பையன் அப்போதுதான் முதன்முறையாக வாயிலிருந்து கையை எடுத்தான். மருத்துவம் தொடங்கும் முன்னரே பாதி நோய் தீர்ந்தது என்று எனக்குத் தோன்றிற்று. அவன் அழுக்கன் அல்லன், சோம்பேறி அல்லன். நீர் செய்த குற்றத்தை அவன் சுமந்திருந்தான்.

பின்னர்ச் செய்த மருத்துவம் எளிது. முதலில், அமிலமும் நுண்பொடியும் கலந்த களிம்பால் மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்து எடுக்கும் முறையைக் கையாண்டேன். வீட்டில் செங்கற்பொடி தேய்ப்பது போன்றதன்று இது. ஈறை மூடிக் காத்து, அளவறிந்து மருத்துவர் செய்ய வேண்டுவது. பழுப்பில் பெரும்பகுதி நீங்கிற்று. எஞ்சியதைப் பல்நிறப் பிசினால் மறைத்தோம். ஈறும் தாடையும் வளர்ச்சி முடியும் வரை காத்திருந்து, இருபது வயதான பின்னர், கறை மிக ஆழமாக இருந்த இரண்டே பற்களுக்கு மட்டும் பீங்கான் வெனீர் ஒட்டினோம். எட்டுப் பல் அன்று, இரண்டு பல். இன்று அவன் ஒரு கடையில் விற்பனையாளனாக நிற்கின்றான். வாடிக்கையாளரிடம் கையை மறைக்காமல் பேசுகின்றான். வெனீர் என்னும் கண்டுபிடிப்பு இத்தகையோர்க்காகவே பயன்பட வேண்டும்.

ஒரே பொருள், ஒரே மருத்துவன். முன்னது பிழையாயிற்று, பின்னது நன்மையாயிற்று. வேறுபாடு எங்கே? முன்னதில் அவசரம் முதலில் வந்தது. பின்னதில் காரணம் முதலில் வந்தது. நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இவ்வொன்றே. பல்லின் நிறத்தை மாற்றுவதற்கு முன்னர், அந்த நிறம் ஏன் வந்தது என்று கேளுங்கள்.

காரணங்கள் பலவாம். பற்களின் இடுக்கில் காரை படிந்து கறுத்திருந்தால், சுத்தம் செய்தாலே போதும். "சுத்தம் செய்தால் பல் ஆட்டம் காணும்" என்று நம்மவர் பலர் அஞ்சுகின்றனர். ஆடுவது காரை தின்ற ஈறினால். சுத்தம் செய்ததால் அன்று. வெற்றிலை, தேநீர்க் கறை என்றாலும் இதே வழிதான். பல் இயல்பாகவே சற்று மஞ்சளாயின் அதில் நோய் ஏதும் இல்லை. எனாமலின் ஊடே உள்ளிருக்கும் பகுதியின் நிறம் தெரிகின்றது, அவ்வளவே. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து அந்நிறம் கூடும். வெண்மையே வேண்டுவோர்க்கு, எனாமலைச் சீவாமல் மருத்துவர் மேற்பார்வையில் வெளுக்கும் முறை உண்டு. பல் கோணலானால் கம்பி கட்டலாம். அதற்கு வயது வரம்பில்லை. சிறுவயதில் டெட்ராசைக்கிளின் என்னும் மருந்து உண்டவர்க்குச் சாம்பல் நிறம் உள்ளிருந்தே வரும்; அஃது எளிதில் வெளுக்காது. அத்தகையோர்க்கும், அடிபட்டு முனை உடைந்தவர்க்கும், பிறவியிலேயே எனாமல் குறைந்தவர்க்கும் வெனீர் பெருந்துணையாகும்.

புகையிலையைப் பற்றி ஒரு சொல். இம்மாநிலத்தில் புகையிலையைச் சுட்டுப் பொடித்து மிஷ்ரி என்று பல் துலக்கும் வழக்கம் உண்டு. நம் குடும்பத்துப் பெண்கள் சிலரும் அண்டை வீட்டாரிடம் அதனைக் கற்றுக்கொண்டனர். குட்காவை மகாராட்டிர அரசு 2012ஆம் ஆண்டில் தடை செய்தும் பழக்கம் மறையவில்லை. இவர்கள் கறையை மறைக்க வெனீர் கேட்டு வந்தால் நான் ஒட்டுவதில்லை. கறை என்பது இயற்கை அடிக்கும் எச்சரிக்கை மணி. மணியின் நாக்கைக் கட்டிவிட்டால் தீ அணைந்துவிடுமா? 1941ஆம் ஆண்டு முதல் பரேலில் இயங்கி வரும் டாட்டா நினைவு மருத்துவமனைக்கு, வாய்ப்புற்று முற்றிய பின்னர் வருவோரின் வரிசையைக் கண்டவர்கள் பல்லின் வெண்மையைப் பற்றிக் கவலைப்படமாட்டார்கள்.

செலவையும் கூறிவிடுகின்றேன். பீங்கான் வெனீர் ஒரு பல்லுக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும். எட்டுப் பல், பத்துப் பல் என்றால் நம் நடுத்தரக் குடும்பத்தில் ஒரு சங்கிலியோ இரண்டு வளையலோ அடகுக் கடைக்குப் போகும். பொன்னகையை வைத்துப் புன்னகை வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொன் வாங்கும்போது உரைத்துப் பார்க்கும் நாம், பல்லை ஒப்படைக்கும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லையே! அழகு நிலையத்தில், பல் மருத்துவம் கற்காதவர் கையில், தள்ளுபடி விலைக்கு வாயைக் கொடுத்துவிட்டு வருவோரும் உண்டு. நம் நகரில் மும்பை சென்ட்ரல் பகுதியில் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும், புனித ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. பொறுமையுடன் வரிசையில் நிற்பவர்க்கு அங்கே குறைந்த செலவில் நல்ல ஆலோசனை கிடைக்கும். ஓரிடத்தில் "பத்துப் பல்லுக்கு வெனீர் வேண்டும்" என்று சொன்னால், மற்றோரிடத்திலும் காட்டிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. இந்தக் குறைக்குக் காரணம் யாது? எனாமலைச் சீவாமல் தீர்க்க வழி உண்டா? சீவத்தான் வேண்டுமாயின் எத்தனை பல்லில், எவ்வளவு? பதினைந்து ஆண்டு கழித்து இதற்கு நான் செய்ய வேண்டுவது என்ன? இந்நான்கிற்கும் பொறுமையாக விடை கூறும் மருத்துவர் நல்ல மருத்துவர். "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 2004இல் என்னிடம் எவரேனும் இவற்றைக் கேட்டிருந்தால் நானும் நல்ல மருத்துவனாக இருந்திருப்பேன்.

இறுதியாக, ஊர்த்தொடர்பு விடாத நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பெண்கள் மகப்பேற்றுக்குத் தாய்வீடு செல்கின்றனர். குழந்தையுடன் பல மாதம் தங்குகின்றனர். சிலர் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்காக மும்பை திரும்புகின்றனர். உங்கள் ஊர் ஆழ்குழாய் நீரை நம்பும் ஊராயின், அந்நீரைச் சோதனைச் சாலையில் கொடுத்துப் புளோரைடு அளவை அறிந்துகொள்ளுங்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே கொடுங்கள். அதில் புளோரைடு மிக மிகக் குறைவு. பால்பொடி கரைக்க நேர்ந்தால் மழைநீரோ, ஆற்றுநீர்க் குழாயோ, தூய்மை செய்த நீரோ கொண்டு கரையுங்கள். இருபது ஆண்டு கழித்து அக்குழந்தை வெனீர் தேடி வராமல் இருக்கத் தொட்டிலருகே வைக்கும் நீரே வழி செய்யும்.

அவையோரே! பிழைப்புத் தேடி நாம் இந்நகருக்கு வந்தோம். மொழி தெரியாத காலத்தில் நம் பெற்றோர் கையிலிருந்த ஒரே நாணயம் சிரிப்புத்தான். சிரித்தே வேலை கேட்டனர். சிரித்தே இடம் பிடித்தனர். சிரித்தே அண்டை வீட்டாரின் நட்பைப் பெற்றனர். அவர்களில் எத்தனை பேர்க்கு வெண்மையான பல்வரிசை இருந்தது? வெற்றிலைக் கறையும், ஒன்றிரண்டு பல் இல்லாத வாயும் கொண்டே அவர்கள் நம்மை ஆளாக்கினர். நம் வீட்டில் எந்தப் பிள்ளையேனும் வாயை மறைத்துச் சிரிப்பதைக் கண்டால், அதட்டாதீர்கள், கேலி செய்யாதீர்கள். அருகில் அமர்ந்து காரணத்தைக் கேளுங்கள். மருத்துவம் தேவையானால் செய்துகொள்ளட்டும். தேவையில்லையானால் அந்தக் கையை மெல்ல எடுத்துவிடுங்கள்.

 தலைவர் அவர்களுக்குக் கொடுத்த வாக்குப்படி வாயை மூடிக்கொள்கின்றேன். நீங்கள் மூட வேண்டா, நன்றாகச் சிரியுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.